கம்பெனிக்குத் தம்பியானவர்

ஜாம்நகரில் பித்தளைச் சாமான் செய்கிறவர்கள் தடுக்கி விழுந்தால் ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் கோபித்துக்கொள்வதற்கென்று தனி அறை கட்டி வைத்திருந்த கம்பெனி ஒன்றே ஒன்றுதான். ஹீர்ஜி ஜீவராஜ் அண்டு சன்ஸ் அண்டு சன்ஸ். இரண்டாவது சன்ஸ் பேரன்களுக்காக. முதல் சன்ஸிலேயே நீங்களும் அடக்கம் என்று சொல்லிப் பார்த்தார்கள். பேரன்கள் அந்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டோம் என்றார்கள். உடனே பெயர்ப்பலகை நீட்டப்பட்டது. நீண்ட பலகை பக்கத்துக் கடைக்காரனின் ஜன்னலை மறைத்தது. அவனுக்கும் கோபம்தான். ஆனால் அவன் குடும்பத்தான் இல்லை என்பதால் அந்தக் கோபம் எதிலும் சேர்த்தியில்லை.

அந்த அறையின் நடைமுறை எளிது. குடும்பத்தில் யாருக்காவது மனசு நொந்தால் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ள வேண்டியது. மற்றவர்கள் ஒரு கட்டி வெல்லத்தோடு வந்து, தாஜா செய்து, வாயில் ஊட்டி எழுப்பும்வரை அவர் பொறுப்பில் இருக்கும் இயந்திரங்கள் ஓடா. பாயலர் வெடித்தபோதுகூட அந்தப் பகுதி நின்றதில்லை. இளைய மகன் பிபின்பாய்க்குத் தேநீரில் இஞ்சி குறைந்த அன்று நின்றது.

ஜயசுக்பாய் அங்கே சாமான் அனுப்பும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியாள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். நடுப்பகலில் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் குடும்பம் வயது வரிசையில் தரையில் அமரும். நெய் வழியும் கம்பு ரொட்டி, சுட்ட கத்தரிக்காய், பூண்டுச் சட்னி. அந்த வாசனையைத் தொட்டுக்கொண்டே தன் காய்ந்த ரொட்டியை வருஷக்கணக்காகத் தின்றவர் அவர். ஒருநாள் அந்தக் கதவுக்கு அப்பால் உட்கார வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே கிடையாது. அவர் மனைவி பானு இதை அறிந்தபோது, "கத்தரிக்காய்க்காகவா? நான் சுட்டுத் தரேனே" என்றாள். அவளுக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் மேனேஜர் பதவி காலியானது. மேனேஜராக இருந்தவர் மூத்த மகன் ஹரிபாயின் மைத்துனர். ஏதோ ஒரு வருத்தத்தில் கோபித்துக்கொள்ளப் போனார். போனால், அறையில் ஏற்கெனவே இரண்டு பேர் படுத்திருந்தார்கள். கோபித்துக்கொள்ள இடமில்லாத கோபத்தில் நைரோபிக்கே போய்விட்டார். சாவிக்கொத்து அனாதையாகத் தொங்கியது.

சாவியை உறவுக்காரன்தான் தொடலாம் என்பது கம்பெனியின் சட்டம். மிச்சமிருந்த உறவுக்காரர்கள் எல்லோருமே இயக்குநர்கள். வேலை செய்ய யாருமில்லை. பெரியவர் ஜீவராஜ் சேட், அவரைக் கம்பெனி முழுக்க 'பாபூஜி' என்றுதான் கூப்பிட வேண்டும், அதாவது அப்பா, அந்தப் பெரியவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ரட்சாபந்தன் வந்துகொண்டிருந்தது. தன் மகள் கஞ்சன்பென்னை விட்டு ஜயசுக்கின் கையில் ராக்கி கட்டச் சொன்னால் ஆளும் உறவாகிவிடுவான், சாவியும் வீட்டோடு இருக்கும்.

விழா எடுத்தார்கள். தொழிலாளிகளைப் பித்தளைத் தூளோடு தூளாக வரிசையில் நிறுத்தினார்கள். பாபூஜி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க முதலாளி யாரு? யாருமில்லை. தொழிலாளி யாரு? யாருமில்லை. எல்லாரும் ஒரே குடும்பம்! அந்நியன் கையில சாவி குடுத்தா என்ன ஆகும்? அவன் சம்பளத்துக்காக வேலை பார்ப்பான். சம்பளத்துக்காக வேலை பார்க்கிறவனை எப்படிய்யா நம்புறது? குடும்பத்தான் அப்படியா? சம்பளமே இல்லாம பார்ப்பான். இந்த நிமிஷத்திலேருந்து ஜயசுக் என் மூணாவது பையன்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. ஜயசுக்பாயும் தட்டினார். கண்ணில் தண்ணீர் வேறு. அந்தப் பேச்சின் நடுவில் தன் சம்பளம் இறந்துபோனது அவருக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில், சைக்கிள் கடைப் பக்கம் வரும்போதுதான் உறைத்தது.

"அப்போ சம்பளம்?" என்றாள் பானு.

"நான் இப்போ அந்த வீட்டுத் தம்பி. தம்பி சம்பளம் வாங்கினா நல்லாவா இருக்கும்?"

"நல்லாத்தான் இருக்கும். போய் வாங்கிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் அவருடைய சொந்தத் தங்கை முக்தா த்ரோலிலிருந்து பஸ்ஸில் வந்தாள், ராக்கி கட்ட. அண்ணன் மணிக்கட்டைப் பார்த்தாள். கஞ்சன்பென் கட்டியது ஜரிகையும் குஞ்சமுமாகக் காப்பித் தட்டு அகலத்துக்கு உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணா இது, கையில கடிகாரக் கடையா? என் கயிறை எங்க கட்டுறது?"

"மேல கட்டேன்" என்று முழங்கைப் பக்கம் காட்டினார் அவர். "இதைக் கழட்டக் கூடாதாம். பாபூஜி சொல்லியிருக்கார்."

முக்தா சிரித்துக்கொண்டே முழங்கைக்குக் கீழே கட்டினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். "வசந்த பஞ்சமிக்கு என் பொண்ணு கோமலுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. பானேத்தர் நீ கொண்டு வரணும். நீதான் கையைப் பிடிச்சு மணையில உக்கார வைக்கணும். அவ இப்பவே மாமா மாமான்னு ஒரே ஆட்டம்."

பானேத்தர் என்பது வெள்ளைப் பட்டில் சிவப்புக் கரை போட்ட கல்யாணப் புடவை. தாய்மாமன் கொண்டுவர வேண்டும். அதை உடுத்தி, அந்த மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணைக்கு வருவாள். மாப்பிள்ளை இல்லாமல்கூட ஒரு நாழிகை தள்ளலாம், மாமன் இல்லாமல் தள்ள முடியாது. "நான் வராம யாரு வருவா?" என்றார் ஜயசுக்பாய்.

மறுநாள் உள்ளறைக் கதவு திறந்தது. வயது வரிசையில் அவருக்குக் கடைசி இடம், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில். கத்தரிக்காயில் உப்புக் குறைச்சல். ஆனாலும் அவர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுச் செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் தேநீர் வேளையில் பாபூஜியின் காலடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"கேளு மகனே, பாசத்துக்கு ஏது கணக்கு? எதுக்கு வேணும்?"

"பாலுக்கு, பாபூஜி."

"பாலா? வீட்ல எத்தனை பேரு? பெரியவங்க எதுக்குப் பால் குடிக்கணும்? உங்க அப்பனுக்கு இந்த வயசுல பால் செரிக்குமா? என்னைப் பாரு, நான் மோர்தான்." பக்கத்தில் ஹரிபாய் முந்திரிப் பால் குடித்துக்கொண்டிருப்பார். "அவனுக்குச் சளி" என்பார் பாபூஜி.

மேனேஜர் வேலை எப்படிப் போயிற்று என்றால், நன்றாகத்தான் போயிற்று, ஒரு சின்ன விஷயம் தவிர. கடல் தாண்டி ஒரு தேசத்திலிருந்து மின்சாரப் பிளக்கின் பித்தளை முனைகளுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. ஹரிபாய், "தடிமனா பண்ணு, நாமதானே தரத்துக்குப் பேர்போனவங்க" என்றார். பிபின்பாய், "மெல்லிசா பண்ணு, பித்தளை விக்கிற விலையில" என்றார். ஒருவர் பேச்சைக் கேட்டால் மற்றவர் அறைக்குள் போய்ப் படுத்துவிடுவார். தம்பி என்ற ஸ்தானத்தில் இருப்பவர் என்ன செய்வார்? இரண்டுக்கும் நடு அளவில் செய்தார். உலகத்தில் எந்த தேசத்துச் சுவரிலும் எந்த ஓட்டையிலும் நுழையாத முனைகள் லாரி லாரியாகத் தயாராயின. வாங்கினவர்கள் அப்படியே திருப்பி அனுப்பினார்கள்.

சாப்பாட்டு வரிசையில் பாபூஜி ஒரு முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கேயும் நுழையலை. சரி. ஆனா ரெண்டு அண்ணனுக்கும் மனசு நோகலை பார்த்தியா? சரக்கு இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும். குடும்பம்தான்டா சரக்கு!"

கஞ்சன்பென் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வந்த முனைகளைத் தீபாவளிக்குத் தொழிலாளிகளுக்கு இனாமாகக் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு மூட்டை.

தீபாவளி கழிந்ததும் மும்பையில் இருந்த பாபூஜியின் பெரியப்பா மகன் ஒருவர் காலமானார். கம்பெனியில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. என்றாலும் முறைப்படி வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் மொட்டை போட வேண்டும். ஹரிபாய்க்கு வங்கி அதிகாரியோடு சந்திப்பு இருந்தது. பிபின்பாய் அப்போதுதான் தலைக்கு விலை உயர்ந்த சாயம் பூசியிருந்தார்.

"தம்பி இருக்கானே" என்றாள் கஞ்சன்பென்.

"அக்கா, எங்க அப்பா உயிரோட இருக்கார்" என்றார் ஜயசுக்பாய் மெல்ல. தகப்பன் இருக்கும்போது மகன் தலை மழிப்பது ஊரில் யாரும் செய்யாத காரியம்.

கஞ்சன்பென்னின் முகம் அந்த அறைப் பக்கமாகத் திரும்பியது. "அப்போ எங்க பாபூஜி உனக்கு அப்பா இல்லையா? கயிறு சும்மா கட்டினதா? சொல்லு, நான் போய்ப் படுத்துக்கிறேன்."

நாவிதர் வந்தார். வேலை சுலபமாக முடிந்தது.

வீட்டு வாசலில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா, மகனின் பளபளக்கும் தலையை மேலும் கீழும் பார்த்தார். முழங்கால் நடக்க விடாவிட்டாலும் வாய் நடக்கும் அவருக்கு.

"ஏன்டா, நான் செத்துட்டேனா? யாருமே சொல்லலையே. சொல்லியிருந்தா மரியாதையா படுத்திருப்பேன்ல?"

ஜயசுக்பாய் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்கு அவருக்கு ரொட்டி இறங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் பசி. "கருமாதிச் சாப்பாடு உண்டா, இல்லை அதையும் கம்பெனியிலயே போட்டுட்டாங்களா?" என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வசந்த பஞ்சமி வந்தது. ஜோசியரைக் கேட்காமலே கல்யாணம் வைக்கலாம் என்கிற நாள். ஆகவே ஊரில் பாதிப் பேர் அன்றைக்குத்தான் வைப்பார்கள். கஞ்சன்பென்னும் தன் மகளுக்கு அன்றைக்குத்தான் வைத்திருந்தாள். அங்கே முகூர்த்தம் மதியம். த்ரோலில் முக்தாவின் வீட்டில் பொழுது சாயும் வேளை. நடுவில் ஒரு பஸ் பயணம். தலையைக் காட்டிவிட்டுப் போய்விடலாம் என்று ஜயசுக்பாய் திட்டம் போட்டார். ஏனென்றால் அங்கே அவருக்கு வேலையே இல்லை. மாமன் சீர் பற்றிப் பேச்சு வந்தபோது, "பானேத்தர் என்னோடது" என்று ஹரிபாயும், "அது எப்படி, என்னோடது" என்று பிபின்பாயும் முட்டிக்கொண்டார்கள். ஜயசுக்பாயைப் பார்த்து பாபூஜி, "நீ மனசை மட்டும் கொண்டு வா, போதும்" என்று சொல்லியிருந்தார்.

பானுவும் அப்பாவும் காலையிலேயே த்ரோலுக்குப் போய்விட்டார்கள். கோமலுக்கான பானேத்தரைப் பானுதான் வாங்கியிருந்தாள், காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து. "மாமன் கையால வரணும்" என்று சொல்லிச் சிவப்புத் துணியில் மடித்து அவர் கக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பொட்டலத்தோடு அவர் கஞ்சன்பென் வீட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒரே அமைதி. மேளக்காரர்கள்கூட மேளத்தின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்திலும் கோபித்துக்கொள்ள ஒரு அறை ஒதுக்கி, இரண்டு கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஆள். பெண் கையை யார் பிடிப்பது என்று சண்டை. ஒரு கட்டிலில் ஹரிபாய், இன்னொன்றில் பிபின்பாய், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு. பானேத்தரை ஹரிபாய் கொண்டு வருவார் என்று பிபின்பாய் வாங்கவில்லை. பிபின்பாய் கொண்டு வருவார் என்று ஹரிபாய் வாங்கவில்லை. மணப்பெண் பாவாடையோடு உள்ளே அழுதுகொண்டிருந்தாள். புரோகிதர் நேரமாச்சு நேரமாச்சு என்று கத்தினார்.

கஞ்சன்பென்னின் கண் சிவப்புப் பொட்டலத்தின் மேல் விழுந்தது.

"பாபூஜி! பார்த்தீங்களா! கயிறு கட்டின தம்பி கொண்டாந்துட்டான்!"

இது என் தங்கச்சி பொண்ணுக்கு வாங்கினது. சின்ன வாக்கியம். குழந்தைகூடச் சொல்லிவிடும். அது ஜயசுக்பாயின் தொண்டைவரை வந்து, அங்கே நின்று, கூட்டத்தை ஒருமுறை பார்த்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேட் குடும்பத்துத் தம்பி என்று அவரை ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்களுக்குத்தான் அக்கா" என்றது வாய்.

பொட்டலம் கைமாறியது. பாபூஜிக்குப் பேச்சு வந்துவிட்டது. ஒலிபெருக்கி எங்கே போனாலும் அவரோடு போகும்.

"பார்த்துக்குங்க! வாயைத் திறந்து கேட்கலை. முகத்துல ஒரு சுளிப்பு இல்லை. எங்கேருந்து எடுத்தே, யாருக்கு வாங்கினேன்னு நாம கேட்கணுமா? நம்ம குடும்பத்துல யாருக்கும் அந்தக் கெட்ட பழக்கமே கிடையாது! வெளியாளா இருந்தா பில்லு நீட்டியிருப்பான்!"

எல்லோரும் தட்டினார்கள். ஜயசுக்பாய்தான் பெண் கையைப் பிடித்து மணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அவரை அதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. அப்போதும் பார்க்கவில்லை. "அங்கிள், புடவைத் தலைப்பை மிதிக்காதீங்க" என்றாள். கோமலுக்காகப் பானு பார்த்துப் பார்த்து எடுத்த புடவை. நன்றாகத்தான் இருந்தது.

நழுவலாம் என்று வாசல்வரை வந்தவரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாமவன் மாமன் வேலையைச் செய்துவிட்டான் என்று கேள்விப்பட்டு மூத்தவர்கள் இருவரும் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார்களாம். செய்தவன்தானே தாஜா பண்ண வேண்டும்? கையில் வெல்லக்கட்டியைக் கொடுத்து உள்ளே தள்ளினார்கள். ஹரிபாய் வாயைத் திறந்தால் பிபின்பாய் மூடுவார். பிபின்பாய் திறந்தால், "முதல்ல அவனுக்கா?" என்று ஹரிபாய் சுவர்ப் பக்கம் புரளுவார். கடைசியில் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இரண்டு வாயிலும் ஊட்டினார் ஜயசுக்பாய். வெளியே வந்தபோது நிழல்கள் நீண்டு கிடந்தன.

பஸ் இல்லை. த்ரோல் வழியாகப் போகிற ஒரு லாரியில் ஏறிக்கொண்டார். கக்கத்தைக் கக்கத்தை அவர் கை தடவிப் பார்த்துக்கொண்டே வந்தது. வழியில் ஒரு துணிக்கடையைப் பார்த்ததும் லாரியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தார். பையில் இருந்தது பாபூஜி பாலுக்குக் கொடுத்த மிச்சம். வாயை மூடிக்கொண்டார்.

முக்தா வீட்டு வாசலில் பானு நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கக்கத்தைப் பார்த்தாள்.

"பானேத்தர்?"

"அங்க... கஞ்சன்பென் வந்து... எல்லாரும் பார்த்துட்டு இருந்தாங்களா..."

"சரி, விடுங்க." மூளிக் காதைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். "முக்தா ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னா. புரோகிதர் ரெண்டு தரம் கூப்பிட்டார். மூணாந்தரம் கூப்பிட்டதும் விறுவிறுன்னு அடுப்புப் பக்கம் போயிட்டா."

பந்தலுக்குள் மணை தெரிந்தது. கோமல் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் முக்தாவின் பழைய பானேத்தர், வெள்ளை பழுப்பாகிப் போனது. அவளுக்குப் பின்னால், தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், சமையல்காரர் கர்சன் மகராஜ் நின்றார். யாரோ அவசரத்தில் சுற்றிவிட்ட தலைப்பாகை. சட்டையெல்லாம் மஞ்சள் கறை. கலசத்திலிருந்து பிய்த்த சிவப்புக் கயிறு அவர் மணிக்கட்டில் கட்டியிருந்தது. பெண்ணின் தோளைத் தொட்டும் தொடாமலும் கையை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் கரண்டி பிடிப்பதையே மறந்தவர்போல விசும்பிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவருக்குத் தேங்காய் கொடுத்து மரியாதை செய்தார்கள். "எங்க அண்ணன்" என்று முக்தா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜயசுக்பாயின் அப்பா ஓரத்து நாற்காலியில் இருந்தார். மகன் வந்ததைப் பார்த்தார். ஏதாவது சொல்வார், சொல்லித் தொலைத்தால் தேவலை என்று ஜயசுக்பாய் காத்து நின்றார். கிழவர் கண்ணை மூடித் தூங்குகிறவர்போல இருந்துவிட்டார்.

முக்தா திரும்பினாள். அவரைப் பார்த்தாள். பிறகு, விருந்தாளிகளைக் கண்டால் எந்த வீட்டுக்காரியும் செய்வதுபோல இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"வாங்க. வழியில சிரமம் ஒண்ணும் இல்லையே? சாப்பிட்டுட்டுப் போங்க."

பிறந்ததிலிருந்து அவரை நீ, வா, போ என்று கூப்பிட்டவள். "ஆகட்டும்" என்றார்.

பந்திகள் போட்டிருந்த பக்கம் கால்கள் தாமாக நடந்தன. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு யார் எங்கே உட்காருவது என்று ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். அவரை வழி மறித்தாள்.

"நீங்க யாரு? பொண்ணு வீடா, எங்க வீடா?"

அவர் பந்தலைத் திரும்பிப் பார்த்தார். மாமன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.

"நான்... கம்பெனியிலேருந்து வரேன்."

"ஓ, வெளியாளா? அப்போ அந்தப் பந்தி" என்று அவள் கையைக் காட்டினாள். அங்கே மேளக்காரர்களும் லாரிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஜயசுக்பாய் உட்கார்ந்தார். இலையில் கத்தரிக்காய் விழுந்தது. உப்புச் சரியாக இருந்தது.